மின்சாரம் தேடிய தங்கவயல்

தமிழர் பிழைப்பை நாடிக் குடியேறிய இடங்களை எண்ணப் புகுந்தால் கடல் கடந்த நாடுகளின் பெயர்களே முதலில் நாவில் வருகின்றன. இலங்கை, பர்மா, மலேயா, பிஜி, தென்னாப்பிரிக்கா என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். கடலைக் கடவாமலே, தமிழகத்தின் எல்லைக்கு அப்பால் சில மைல் தொலைவிலேயே, தமிழர் தம் உடலுழைப்பால் எழுப்பிய நகரம் ஒன்று இருப்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். கோலார் தங்கவயல் என்பது அதன் பெயர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமற்ற ஏழை மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று அங்கே பாறையைக் குடைந்தனர். அவர்கள் வாங்கவும் விற்கவும் கூடவும் அமைந்த பட்டணமே ராபர்ட்சன்பேட்டை. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்டு ராபர்ட்சனின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

அவ்வூரைக் கண்டு வந்த நாங்கள் இங்கே எழுதப் புகுந்தது தங்கத்தைப் பற்றி அன்று, மின்சாரத்தைப் பற்றி. காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய ஆற்றலைப் பற்றி இன்று நம் இல்லங்களில் பேச்சு எழாத நாளில்லை. உலகை வாட்டும் பருவநிலை மாற்றத்துக்கு அது மருந்தாகும் என்பர் ஒரு சாரார். மின்சாரத்தையும் தண்ணீரையும் அளவின்றி விழுங்கி நோயை முற்றச் செய்வதே அது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் எடைபோட ஒரு பழைய தராசு தங்கவயலில் இருக்கிறது. புதிய பொறிகளுக்காகத் தொலைவிலிருந்து பெருமளவில் மின்சாரம் கொண்டுவந்து, அதனால் விளைந்த நன்மையையும் தீமையையும் நூறாண்டுக் காலம் அனுபவித்துப் பார்த்த ஊர் அது.

வழியும் ஊரும்

பெங்களூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவு. பங்காருப்பேட்டை சந்திப்பில் முதன்மை இருப்புப்பாதையை விட்டுப் பிரியும் கிளைப்பாதை, சுரங்கங்களுக்கென்றே போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்ற நிலையங்களைத் தாண்டி மாரிக்குப்பத்தில் அது முடிகிறது. காலையில் நாங்கள் சென்ற வண்டியில் கால் நீட்டி உட்கார இடம் இருந்தது. எதிரே பெங்களூர் நோக்கி வந்த வண்டியிலோ வாயில்களிலும் மனிதர் தொங்கினர். சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலின் ஆடவரும் பெண்டிரும் நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று, கட்டட வேலையும் காவல் வேலையும் கடை வேலையும், படித்தவர்கள் கணிப்பொறி நிறுவனங்களில் வேலையும் பார்த்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.

ஊரை நெருங்கியதும் முதலில் கண்ணில் படுபவை உச்சி தட்டையான சாம்பல் நிற மலைகள். மழை அரித்த வடுக்கள் அவற்றின் உடம்பெங்கும் ஓடுகின்றன. பெரும்பகுதியில் புல்லும் முளைக்கவில்லை. இயற்கை தந்த மலைகள் அல்ல இவை. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் மிஞ்சிய சேற்றைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தவை. சயனைடு மேடுகள் என்பது ஊரார் வழக்கு. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண் இப்படிக் குவிந்து கிடக்கிறது.

ராபர்ட்சன்பேட்டையின் வீதிகள் திட்டமிட்டு நேராக வகுக்கப்பட்டவை. ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் தெருக்கள், நடுவே சந்தை, கோயில்களும் மாதா கோயில்களும் மசூதிகளும் அடுத்தடுத்து. கன்னடமும் தெலுங்கும் உருதுவும் செவியில் விழுகின்றன. ஆயினும் காய்கறி பேரம் பேசுவதிலிருந்து பிள்ளைகளை அதட்டுவதுவரை தமிழே மேலோங்கி ஒலிக்கிறது. மொழிக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதை ஒரு நாழிகை அச்சந்தையில் நின்றாலே உணரலாம். பட்டணத்தைத் தாண்டி நடந்தால் தொழிலாளர் குடியிருப்புகளான லைன்களும், அவற்றுக்கு மேலே அசைவற்று நிற்கும் இரும்புக் கோபுரங்களும் வருகின்றன. அக்கோபுரங்களின் சக்கரங்கள் சுழன்றபோதுதான் கேஜ் என்னும் கூண்டு, மனிதரை ஏற்றிக்கொண்டு பாதாளத்துக்கு இறங்கியது. இப்போது அடியில் நீர் நிறைந்து கிடக்கிறது.

காவிரியிலிருந்து 92 மைல்

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் லண்டன் நிறுவனம் இங்குப் பெரிய அளவில் சுரங்கத் தொழிலை நடத்தியது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பல எழுந்தன. கூண்டை இறக்கவும், ஊற்று நீரை இறைக்கவும், பாறையை இடிக்கவும் நீராவிப் பொறிகளே அன்று துணை. அவற்றுக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். அருகில் நிலக்கரி இல்லை. தொலைவிலிருந்து ரயிலில் வரவேண்டும். தங்கம் எடுக்கும் செலவில் எரிபொருள் பெரும்பங்கைத் தின்றது.

அப்பொழுதுதான் மைசூர் அரசின் பார்வை சிவசமுத்திரத்தில் காவிரி விழும் அருவியின்மேல் விழுந்தது. திவானாக இருந்தவர் பாலக்காட்டைச் சேர்ந்த சர் கே. சேஷாத்ரி ஐயர். அரசின் பொறியியல் அதிகாரியான ஜோலி டி லோட்பினியர் திட்டத்தை வகுத்தார். பொறிகள் அமெரிக்காவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தன. அருவியில் பிறந்த மின்சாரத்தைக் காடும் மேடும் கடந்து 92 மைல் தொலைவிலுள்ள தங்கவயலுக்குக் கம்பி வழியே அனுப்பத் துணிந்தனர். அக்காலத்து உலகில் அதைப் போன்ற நெடிய மின்வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1902ஆம் ஆண்டு ஜூன் மாதம் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. சேஷாத்ரி ஐயர் அதைக் காண உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

முதலில் வந்தது 4,000 குதிரைத்திறன், அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3 மெகாவாட். பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது மூன்றாண்டு கழித்து, 1905இல்தான். இந்தியாவின் பெருநகரங்கள் பலவும் எண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் தங்கவயல் மின்சாரத்தில் ஓடியது என்பதை அவ்வூரார் இன்றும் பெருமையோடு கூறுகின்றனர். அந்தப் பெருமை நியாயமானதே.

நன்மையையும் மறைக்கலாகாது. நிலக்கரிப் புகை குறைந்தது. காட்டு மரத்துக்கும் சற்று ஓய்வு கிடைத்தது. ஓடும் நீரின் வேகத்தால் பொறிகள் சுழன்றன. இன்று நாம் தூய ஆற்றல் என்று போற்றும் ஒன்றை, அச்சொல் பிறவாத காலத்திலேயே அவ்வூர் கண்டது.

ஆயினும் ஒரு செய்தியையும் சேர்த்தே சொல்லவேண்டும். மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது பொறிகளுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும்தான். பாதாளத்தில் உழைத்தவர்களின் மூங்கில் தட்டிக் குடிசைகளுக்கு அது பின்னரே வந்தது.

விளக்கின் விலையைக் கொடுத்தவர் யார்?

மின்சாரம் மலிவாகக் கிடைத்ததும் சுரங்கத்தார் சிக்கனமாக இருந்தார்களா? இல்லை. மேலும் ஆழமாகத் தோண்டினர். மேலும் பல பொறிகளை நிறுவினர். மேலும் மின்சாரம் கேட்டனர். சிவசமுத்திர நிலையம் சில ஆண்டுகளுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் விரிவாக்கப்பட்டது. ஒரு பொருளைச் செலவழிக்கும் திறன் கூடக்கூட, அப்பொருளின் மொத்தச் செலவு குறையாமல் பெருகவும் கூடும் என்று இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865இலேயே நிலக்கரியைப் பற்றிய தம் நூலில் எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது தங்கவயலில் கண்கூடாயிற்று.

காவிரியோ ஆண்டு முழுதும் ஒரே அளவில் ஓடும் ஆறு அன்று. கோடையில் நீர் மெலிந்தால் மின்சாரமும் மெலியும். சுரங்கப் பொறிகளோ ஒரு நாளும் நிற்கலாகாது. ஆகவே மழைக்கால நீரைத் தேக்கிவைக்க ஓர் அணை வேண்டியதாயிற்று. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணை பாசனத்துக்காகவும் எழுந்தது உண்மையே; எனினும் சிவசமுத்திர நிலையத்துக்குத் தடையின்றி நீர் தருவது அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று. பொறியியல் மேதை விசுவேசுவரையா அதனை முன்னின்று நடத்தினார்.

அணை எழுந்ததும் கீழே தஞ்சைத் தரணி அஞ்சியது. சென்னை அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு என்று பத்தாண்டுக்கு மேல் வழக்கு நீண்டது. 1924இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் வழியே தமிழகத்தில் மேட்டூர் அணையும் எழுந்து 1934இல் நிறைவெய்தியது. காவிரி வழக்கின் பிற்கால வரலாற்றை இங்கு விரிக்கவேண்டுவதில்லை. அது வாசகர் அறிந்ததே. ஆனால் அவ்வழக்கின் வேர்களுள் ஒன்று தங்கச் சுரங்கத்தின் மின்சாரப் பசியில் ஊன்றியிருந்தது என்பது பலரும் அறியாதது. பாறைக்குள் இறங்கிய தமிழனுக்காகச் சுழன்ற சக்கரம், வயலில் நின்ற தமிழனின் நீரையும் தொட்டது. ஒருவர் ஏற்றிய விளக்கின் விலையை, அவ்விளக்கைக் கண்ணாலும் காணாத வேறொருவர் கொடுக்க நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

ஆழமும் வெப்பமும்

சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது சென்டிகிரேடு பாகையைத் தாண்டும். கையை வைத்தால் சுடும் என்று பழைய தொழிலாளர்கள் எங்களிடம் கூறினர். மனிதர் அங்கே உயிரோடு நின்று உழைக்கவேண்டுமானால் குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பவேண்டும். அதற்கென்று குளிரூட்டும் பொறிகள் அமைந்தன. இப்படித் தோண்டுவதற்கு மின்சாரம், தோண்டிய இடத்தைக் குளிர்விக்க மின்சாரம், ஊற்று நீரை இறைக்க மின்சாரம் என்று செலவு ஏறிக்கொண்டே போயிற்று. பாறை வெடிப்பில் மாண்டவர்களையும், பாறைத் தூசு நுரையீரலில் படிந்து மெலிந்தவர்களையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

செலவு ஏற, வரவோ இறங்கியது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், இறுதிக் காலத்தில் சில கிராம் அளவாகச் சுருங்கிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலை வந்தது. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் ஏற்று நடத்திய சுரங்கம், பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் தங்கம் அதுவரை வெளிவந்திருந்தது. மிஞ்சியவை மேடுகளும், வேலையிழந்த குடும்பங்களும், பெங்களூர் வண்டியும்.

யாரும் எதிர்பாராத ஒரு நற்பயனும் அவ்வாழத்திலிருந்து கிட்டியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து நாட்டு அறிஞரும் சாம்பியன் ரீப்பில் இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை 1965இல் கண்டனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ஆய்ந்த மற்றொரு குழுவும் அதே காலத்தில் அதைக் கண்டது. தங்கத்துக்காக வெட்டிய குழி, உலக விஞ்ஞானத்துக்கும் ஒரு சாளரமாயிற்று. பெரிய பொறிகளிலிருந்து என்ன நன்மை எப்போது விளையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட இயலாது. ஆகவே, புதியது என்பதற்காகவே ஒன்றை வெறுப்பதும் அறிவுடைமை ஆகாது.

இன்றைய புதிய சுரங்கம்

தங்கவயலின் கதையை மனத்தில் இருத்திக்கொண்டு இன்றைய செய்திக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு வானத்தில் மிதக்கும் மாயம் அன்று. தரவு மையம் எனப்படும் பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவை சூடேறும், அவற்றைக் குளிர்விக்கவேண்டும், அதற்கு மின்சாரமும் பல இடங்களில் தண்ணீரும் வேண்டும். சாம்பியன் ரீப்பின் கணக்கே மேற்பரப்பில் மீண்டும் எழுதப்படுகிறது எனலாம்.

அளவைப் பார்ப்போம். உலகத் தரவு மையங்கள் அனைத்தும் சேர்ந்து 2024இல் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவிட்டன என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உலக மின்செலவில் இது ஒன்றரை விழுக்காடு. 2030இல் இது 94,500 கோடி யூனிட் அளவுக்கு, அதாவது ஜப்பான் நாடு முழுதும் இன்று செலவிடுவதைவிடச் சற்று அதிகமாக, உயரும் என்பது அம்முகமையின் கணிப்பு. இந்த ஏற்றத்துக்குத் தலையாய காரணம் செயற்கை நுண்ணறிவே. 1902இல் தங்கவயல் கேட்டது 3 மெகாவாட். இன்று பெரிய தரவு மையம் ஒன்று தனியாகவே 100 மெகாவாட் கேட்கிறது.

தனி ஒருவரின் வினா ஒன்றுக்கு ஆகும் செலவோ மிகச் சிறிது. கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கின்படி, தன் ஜெமினி பொறியிடம் கேட்கப்படும் நடுத்தரமான எழுத்து வினா ஒன்றுக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும் ஐந்து துளி நீரும் ஆகின்றன. ஒரு யூனிட்டில் நாலாயிரம் வினாக்கள் என்று கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஏ.சி. ஓடினால் ஆகும் மின்சாரம் இதைவிட அதிகம். ஆகையால், பிள்ளை ஒரு கணக்கைக் கேட்டறிந்ததனால் உலகம் சூடேறிவிட்டது என்று பெற்றோர் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கும் மெய்யே. படமும் அசையும் காட்சியும் ஆக்கச் சொன்னால் செலவு பன்மடங்கு கூடுகிறது. வினா ஒவ்வொன்றும் மலிவாக ஆக ஆக, வினாக்களின் தொகையோ பெருகிக்கொண்டே போகிறது. அதே கூகுள் நிறுவனம், தன் கரியுமிழ்வு 2019ஐ விட 2023இல் 48 விழுக்காடு கூடியதாகத் தானே அறிவித்தது. தரவு மையங்களின் மின்செலவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜெவன்ஸ் இன்று உயிரோடிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

நன்மையின் கணக்கு

இனி மறுதட்டில் உள்ளதையும் வைப்போம். உழவனுக்கு மழையைவிடப் பெரிய செய்தி வேறில்லை. 2025ஆம் ஆண்டுப் பருவமழை எப்போது தொடங்கும் என்பதைச் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு நான்கு வாரம் வரை முன்கூட்டியே கணித்து, 13 மாநிலங்களில் 3.8 கோடி உழவர்களுக்கு மத்திய வேளாண்மை அமைச்சகம் குறுஞ்செய்தி அனுப்பியது. பருவமழை வழியில் சில வாரம் தயங்கி நிற்கும் என்பதையும் அக்கணிப்பு முன்னரே கண்டுகொண்டது. விதையை அவசரப்பட்டு மண்ணில் இட்டு இழப்பதைவிடப் பத்து நாள் பொறுத்திருப்பது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காப்பு! பருவம் தவறும் இக்காலத்தில் அதன் மதிப்பு இன்னும் கூடுதல்.

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இயங்கும் ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரி 25 முதல் செயற்கை நுண்ணறிவு முறையையும் நாள்தோறும் கையாள்கிறது. ஒரு கணிப்புக்கு ஆகும் மின்சாரம் பழைய முறையில் ஆவதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே என்று அம்மையம் கூறுகிறது. புதிய பொறி பாடம் கற்றுக்கொண்டது பழைய முறைகள் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த தரவுகளிலிருந்துதான் என்பதையும் உடன் சொல்வதே நேர்மை.

காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்துக்கும் இப்பொறிகள் உதவுகின்றன. முப்பந்தல் காற்றாலைகளும் கர்நாடகத்தின் பாவகடாச் சூரிய ஒளிப் பூங்காவும் இயற்கையின் போக்குக்கு ஆட்பட்டவை. நாளை எந்நேரம் எவ்வளவு காற்று வீசும், எப்போது முகில் மறைக்கும் என்று முன்னரே அறிந்தால், அனல் நிலையங்களை வீணாக எரியவைக்கவேண்டிய தேவை குறையும். கூகுள் நிறுவனத்தின் தரவு மையத்திலேயே குளிரூட்டும் மின்செலவை இம்முறை 40 விழுக்காடு குறைத்தது என்று 2016இல் செய்தி வந்தது.

எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு? இன்று கைவசம் உள்ள முறைகளைப் பரவலாகக் கையாண்டால், 2035இல் எரிசக்தித் துறையின் கரியுமிழ்வில் ஐந்து விழுக்காடு அளவுக்குக் குறைக்க இயலும் என்கிறது பன்னாட்டு எரிசக்தி முகமை. தரவு மையங்களுக்கு வேண்டிய மின்சாரத்தால் இன்று விளையும் உமிழ்வு ஆண்டுக்கு 18 கோடி டன். 2035இல் அது 30 கோடி டன் ஆகலாம் என்பதும் அம்முகமையின் கணிப்பே. உலக எரிசக்தித் துறையின் மொத்த உமிழ்வில் இது ஒரு விழுக்காட்டளவே. ஆகவே எண்ணிக்கையில் நன்மையே மிகுதி. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. செலவு நிச்சயம், நன்மையோ நாம் முயன்றால் மட்டுமே. ‘இயலும்’ என்ற சொல்லை ‘நடக்கும்’ என்று படித்துவிடக் கூடாது. இப்பொறி மழையைக் கணிக்கவும் ஓடும். மேலும் எண்ணெய் எங்கே தோண்டலாம் என்று தேடவும் ஓடும். ஏவுகின்றவர் யார் என்பதே வினா.

தங்கவயல் கேட்கச் சொல்லும் கேள்விகள்

சயனைடு மேட்டின் நிழலில் நின்றபோது எங்கள் உள்ளத்தில் நான்கு கேள்விகள் எழுந்தன.

முதலாவது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் இன்றும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வருகிறது. சிவசமுத்திரம் கட்டியவர்கள் நிலக்கரியை விட்டு நீரை நாடினர். இன்று தரவு மையம் கட்டுவோரும் தமக்கு வேண்டிய தூய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கட்டும். இருப்பதை ஊராரிடமிருந்து பறித்துக்கொள்வது தகாது. சிங்கப்பூர் அரசு 2019இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்து, 2022இல்தான் கடுமையான நிபந்தனைகளோடு மீண்டும் இடமளித்தது. அயர்லாந்திலோ 2023இல் நாட்டின் மின்செலவில் 21 விழுக்காட்டைத் தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. முன்கூட்டியே கேட்ட நாட்டுக்கும் பின்னர் விழித்த நாட்டுக்கும் உள்ள வேறுபாடு இது.

இரண்டாவது, தண்ணீர் யாருடையது? பெங்களூர் நகரம் குடிக்கும் காவிரி நீர், சிவசமுத்திரத்துக்கு அருகிலிருந்தே எடுக்கப்பட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு, ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்படுகிறது. 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு அந்நகரம் பட்ட துன்பம் நாடறியும். அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் காவிரித் திட்டம் நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் நீரைக் கொண்டுவருகிறது. 1902இல் மின்சாரம் கேட்ட அதே இடத்தில் இன்று நீர் கேட்கின்றனர்! இத்தகைய நகரங்களில் கணிப்பொறியைக் குளிர்விக்கக் குடிநீரைச் செலவிடலாமா, கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பயன்படுத்தலாகாதா என்று கேட்பது நியாயமே.

மூன்றாவது, விளக்கு யார் வீட்டில் எரியும்? பொறிக்கும் பங்களாவுக்கும் முதலில் சென்று குடிசைக்குக் கடைசியில் வந்த மின்சாரத்தின் கதை திரும்ப வேண்டியதில்லை. மழைக் கணிப்பு கைப்பேசி வழியே ஏழை உழவனின் மொழியில் அவனைச் சேர்ந்தால் அது நன்மை. பெருநிறுவனங்களின் விளம்பரத்துக்கு மட்டுமே உதவினால் அது வேறு கதை.

நான்காவது, மூடிய பிறகு மிஞ்சுவது என்ன? பொறிகள் சில ஆண்டுகளில் பழசாகும். அப்போது குப்பை யார் தலையில்? தங்கவயல் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. காற்றுக் காலத்தில் மேடுகளின் தூசு இன்னும் வீடுகளுக்குள் படிகிறது. மூச்சு நோயையும் தோல் அரிப்பையும் பற்றி மக்கள் முறையிடுகின்றனர். அம்மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. அதன் பயன் ஊராருக்கு எவ்வளவு கிட்டும் என்பதையும் இதே கேள்விகளால்தான் அளக்கவேண்டும்.

நம் கடமை

இப்பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கணிப்பொறித் துறையில் நல்ல பதவிகளில் உள்ளனர். இப்பொறிகளை ஆக்குவோரும் இயக்குவோரும் விற்போரும் அவர்களுள் இருக்கின்றனர். நம் பாட்டன்மார் குழிக்குள் இறங்கியபோது, மின்சாரம் எங்கிருந்து வந்தது, யாருடைய நீர் அதற்காகத் தேங்கியது என்று கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. கேட்டிருந்தாலும் துரைமார் விடையளித்திருக்கமாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கோ கல்வியும் பதவியும் இருக்கின்றன. கேள்வி எழுப்பும் உரிமையும் இருக்கிறது. தாம் வேலை பார்க்கும் இடத்தில் இந்நான்கு கேள்விகளையும் அவர்கள் எழுப்பவேண்டும். ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் மூத்தோர் வாக்கு. ஆழம் கண்டபின் துணிந்து இறங்குவதைத் தடுக்கும் வாக்கு அன்று அது.

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் அன்பர்கள் ஒரு நாளை ராபர்ட்சன்பேட்டைக்கென ஒதுக்கிப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லவேண்டும் என்பது எங்கள் விருப்பம். பெங்களூரிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். சந்தையில் தமிழ் கேட்கலாம், இரும்புக் கோபுரங்களைக் காணலாம், மேடுகளையும் காட்டலாம். கைக்குள் அடங்கும் பொறியில் விடை வரும் வேகத்தைக் கண்டு வியக்கும் இளையோர், ஒவ்வோர் ஒளிக்கும் பின்னால் ஓர் ஆறும் ஒரு பாறையும் பல மனிதரும் உண்டென்பதை அங்கே நேரில் கண்டறிவர்.